அப்பாவின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்: புள்ளிகளை விட பிரஷர்தான் முக்கியம்

களுவாஞ்சிக்குடியில் இருக்கிற உங்கள் அப்பாவுக்கு 61 வயது, தலையிடிக்கு எடுத்த ஸ்கானில் மூளையின் வெண்பொருளில் சிறு புள்ளிகள், பிரஷர் 150/90, "எனக்கு ஒண்டுமில்ல" என்று குளிசையை நிப்பாட்டிவிட்டார், இது மறதி நோயா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்து மறதி நோய் என்று சொல்ல முடியாது. அறுபது தாண்டிய பலருக்கும் அவை இருக்கும். எனக்குக் கவலை, குளிசையை விட்டதுதான்.

வெண்பொருள் என்பது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள். அதற்கு இரத்தம் கொண்டுபோவது மிக நுண்ணிய குழாய்கள். பிரஷர் வருடக்கணக்கில் கூடியிருந்தால் அவற்றின் சுவர் தடித்து உள்வழி ஒடுங்கும். வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் குறைகிற மாதிரி, இரத்தம் குறையும். அப்படிப் பழுதான இடங்கள்தான் பெரும்பாலும் ஸ்கானில் புள்ளிகளாகத் தெரியும். சீனி வருத்தமும் சிகரெட்டும் இதையே செய்யும். யோசனை மந்தமாகும், நடை தளம்பும், பாரிசவாத ஆபத்து கூடும்.

அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஸ்பிரின்ட் மைன்ட் ஆய்வில், மேல் பிரஷரை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு ஏறத்தாழ 4 வருடத்தில் இப்புள்ளிகள் சராசரியாக 0.92 கன சென்ரிமீற்றர் கூடின. 140 இலக்கு வைத்தவர்களுக்கு 1.45. நின்றுபோகவில்லை, ஆனால் வேகம் குறைந்தது. (சீனி வருத்தக்காரரை அதில் சேர்க்கவில்லை.) அதற்காக நீங்களாக 120ஐத் துரத்தாதீர்கள், தலைசுற்றி விழுந்துவிடுவார். இலக்கை டொக்டர் சொல்லட்டும்.

இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். குளிசை நிப்பாட்டியதை மறைக்காமல் சொல்லுங்கள். சீனி, கொலஸ்ரோல் பார்க்கக் கேளுங்கள். கருவாடு, ஊறுகாயைக் குறையுங்கள்.

வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.