அமெரிக்க வழக்கறிஞர்கள் தங்களிடம் வந்த வழக்கை ஏன் இன்னொருவரிடம் அனுப்புகிறார்கள்?

விபத்தில் காயம்பட்டவர் சில நேரம் முதலில் தேடிப் போவது, தனக்கு உயில் எழுதிக் கொடுத்த வழக்கறிஞரைத்தான். அவர் அந்த வழக்கை, ஜூரி முன் வாதாடிப் பழகிய ஒருவரிடம் ஒப்படைப்பதோ அவரோடு சேர்ந்து நடத்துவதோதான் இந்த ஏற்பாடு.

திறமை மட்டும் காரணமல்ல; பணமும்தான். இத்தகைய வழக்குகளில் வென்றால்தான் கட்டணம், பெரும்பாலும் இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு. அதுவரை மருத்துவ நிபுணரின் சாட்சியம், வாக்குமூலப் பதிவு என எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வழக்கறிஞரே கைக்காசு போட வேண்டும். தனியாளாக அலுவலகம் நடத்துபவருக்கு அது பெரும் பாரம். அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்பவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

தெருமுனைத் தையற்காரர் கல்யாண ரவிக்கையை ஆரி வேலை தெரிந்தவரிடம் கொடுத்து வாங்குவதில்லையா? அளவு இவரிடம், ஊசி அவரிடம்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 1.5 சொல்வது: செய்த வேலைக்கேற்பக் கட்டணத்தைப் பிரிக்க வேண்டும், அல்லது இருவரும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும், யாருக்கு எவ்வளவு என்பதற்குக் கட்சிக்காரர் சம்மதிக்க வேண்டும், அந்தச் சம்மதம் எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும்.

இரண்டு வழக்கறிஞர் என்றால் இரட்டைக் கட்டணம் என்று பலர் அஞ்சுகிறார்கள்; வழக்கமாக அந்த ஒரே பங்கைத்தான் இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள், இந்த ஏற்பாட்டைக் காட்டி மட்டும் கட்டணத்தைக் கூட்டக் கூடாது என்று கலிபோர்னியாவின் விதி தெளிவாகவே தடுக்கிறது.