இகுவாசு அருவிக்கு முன் ராஜாஜி சாலை

கேள்வி: பிரேசிலில் வேலை பார்க்கும் தம்பியிடம் அம்மாவை அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. இகுவாசு அருவியை பிரேசில், அர்ஜென்டினா இரு பக்கமும் பார்க்க ஆசை. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? ஊசி போடாமலே, போட்டதாகச் சான்று சொல்லும் கார்டு வாங்கித் தருவதாக மண்ணடியில் ஒரு ஏஜெண்ட் சொல்கிறார்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கார்டு கட்டாயம். அந்த ஏஜெண்ட் பக்கம் போகவே போகாதீர்கள்.

"அங்கே யாரும் கேட்பதில்லை" என்று அவர் சொல்லியிருப்பார். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் பிரேசில் கேட்பதில்லைதான். கேட்பது நம் நாடு, அதுவும் திரும்பி வரும்போது. பிரேசில், அர்ஜென்டினா இரண்டுமே மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் உள்ளன. அங்கிருந்து கிளம்பி 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவரிடம் செல்லுபடியாகும் கார்டு இல்லையென்றால், அந்த 6 நாள் முடியும் வரை தனிமையில் வைப்பார்கள்.

போலி கார்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இகுவாசு மழைக்காடு. அங்கே இந்த நோயைப் பரப்பும் காட்டுக் கொசு பகலில் கடிக்கும். நீங்கள் நடைபாதையில் நின்று அருவி பார்க்கும் அதே நேரம்தான் அதற்கும் வேலை நேரம். ராத்திரி கொசுவலை கட்டிப் பயனில்லை. நோய் வந்துவிட்டால் அதற்கென்று தனி மருந்தும் கிடையாது.

உங்களுக்குத் தூரமும் இல்லை. ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள். ஆன்லைனில் தேதி பதிந்து, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒரே ஊசி, 0.5 மி.லி. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் கார்டு செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்க. பத்து வருடம்தான் செல்லும் என்ற பழைய கணக்கு 2016 ஜூலையோடு போயிற்று. 'புதுப்பிக்கணும்' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தேதி சீக்கிரம் கிடைக்காது. மருந்துக் குப்பியில் பல பேருக்கான டோஸ் இருக்கும். கரைத்தால் 6 மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், மீதியைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் ஆள் சேர்த்துப் போடுகிறார்கள். காரணம் நியாயமே. ஆனால் இத்தனை கப்பல்காரர்கள் வாழும் வடசென்னையில் இன்னும் இரண்டு மையம் திறக்க என்ன தடை? அந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறான்.

அம்மா விஷயத்தில் நிதானம் வேண்டும். இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆன தடுப்பூசி. சர்க்கரை மட்டும் இருந்தால் தடையில்லை. ஆனால் 60 தாண்டியவருக்கு முதல் முறை போடும்போது, அரிதாக, கல்லீரலையோ நரம்பையோ பாதிக்கும் பின்விளைவு இளையவர்களைவிடக் கூடுதல். எனவே அவரைப் பார்க்கும் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஸ்டீராய்டு அல்லது மூட்டுவாதத்துக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? முட்டை கடுமையான அலர்ஜியா? நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கோளாறோ அறுவையோ உண்டா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் ஊசி வேண்டாம், காட்டுப் பயணமும் வேண்டாம். டாக்டர் விலக்குக் கடிதம் கொடுத்தாலும், அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். இங்கே அது தனிமையிலிருந்து காப்பாற்றும் என்று எண்ண முடியாது. கார்டு இல்லாமல் தம்பியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், வரும் வழியில் பட்டியலில் இல்லாத ஒரு நாட்டில் 6 முழு நாள் தங்கி வரலாம்.

கார்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். தேதியில் மாதம் எழுத்தில் இருக்கவேண்டும். மருந்தின் பேட்ச் எண், டாக்டர் கையெழுத்து, மைய முத்திரை மூன்றும் இருக்கவேண்டும். உங்கள் கையெழுத்தையும் மறக்காமல் போடுங்கள்.

இரு பக்கமும் பார்க்க இரண்டு நாட்டு விசா விதியும் தனித்தனி. திரும்பவும் அதே நாட்டுக்குள் வருவதாக இருந்தால் பலமுறை நுழைவு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லைப் பாலம் தாண்டும் டவுன் பஸ் பிரேசில் குடியேற்றச் சாவடியில் தானாக நிற்காமல் போகலாம். டிரைவரிடம் சொல்லி இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.