தண்டுவடத்தை அழுத்தும் நீர்க்கட்டிகள்: நரம்பியல் அறுவை மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி: ஆறு மாதமாக இரண்டு கால்களும் மரத்துப்போகின்றன. இடுப்பில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்கள். ஆனால் நடை நாளுக்கு நாள் மோசமாகிறது.

பதில்: இடுப்பு ஸ்கேனில் தண்டுவடத்தின் நுனி மட்டுமே தெரியும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள். தண்டுவடத்தை அழுத்தும் அரக்னாய்டு நீர்க்கட்டிகளோ (தண்டுவடத்தைச் சுற்றியுள்ள அரக்னாய்டு என்ற மெல்லிய சவ்வில் உருவாகும் திரவப் பைகள்) பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில், தண்டுவடத்துக்குப் பின்புறமாக வருகின்றன. தொல்லை காலில் தெரியும், காரணம் மார்புக்கு நேரே இருக்கும். நான் முதலில் கேட்பது இதைத்தான்: செருப்பு கழன்றாலும் உங்களுக்குத் தெரியாமல் போகிறதா? முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறீர்களா? சிறுநீரை அடக்க முடியாமல் ஓடவேண்டியிருக்கிறதா? இவற்றில் ஒரு கேள்விக்கு ஆம் என்றாலும், முதுகெலும்பு முழுவதையும் ஸ்கேன் எடுக்கும்படி மருத்துவரிடம் வற்புறுத்திக் கேளுங்கள்.

கேள்வி: என் தங்கையின் அறிக்கையில் 'நீர்க்கட்டி அல்லது தண்டுவடப் பிதுக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்?

பதில்: நியாயமான குழப்பம்தான். கட்டியின் சுவர் மிக மெல்லியது. உள்ளிருக்கும் நீரும் சுற்றியுள்ள மூளைத் தண்டுவடத் திரவமும் படத்தில் ஒரே நிறம். அதனால் பல நேரங்களில் கட்டி கண்ணுக்குத் தெரியாது, தண்டுவடம் முன்னால் தள்ளப்பட்டிருப்பது மட்டுமே தெரியும். தண்டுவடத்தை மூடியிருக்கும் டியூரா என்ற கெட்டியான உறையின் முன்பக்கத்தில் உள்ள ஓட்டை வழியாகத் தண்டுவடமே பிதுங்கினாலும் படம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். திரவத்தில் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம் இங்கே கைகொடுக்கும்: சாயம் நுழையாமலோ தாமதமாகவோ நிறையும் இடம் கட்டியைக் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் அறுவை முறை வேறு என்பதால் இந்தத் தெளிவு கிடைக்காமல் கத்தியை எடுக்கக் கூடாது.

கேள்வி: திரிகத்தில் (இடுப்புக்குக் கீழுள்ள முதுகெலும்பின் அடிப்பகுதியில்) டார்லவ் கட்டி இருப்பதாகத் தற்செயலாகத் தெரிந்தது. பயமாக இருக்கிறது.

பதில்: டார்லவ் கட்டி என்பது நரம்பு வேரின் உறையில் வரும் நீர்க்கட்டி. அங்கே தண்டுவடமே இல்லை, அதனால் அது தண்டுவடத்தை அழுத்தாது. இவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தருவதில்லை.

கேள்வி: ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாதா?

பதில்: பெரும்பாலும் மீண்டும் நிரம்பிவிடும். உறைக்கு வெளியே உள்ள கட்டிக்கு, டியூரா உறையிலுள்ள சிறு துளை வழியாகத் திரவம் வந்துகொண்டே இருக்கிறது; அந்தத் துளையைத் தேடிப் பிடித்து அடைப்பதுதான் சிகிச்சையின் உயிர்நாடி. உறைக்கு உள்ளே உள்ளதை முழுமையாக எடுக்க முயல்வோம். சுவர் தண்டுவடத்தோடு ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்க மாட்டேன். அகலமாகத் திறந்துவிட்டு அந்த ஒட்டிய பகுதியை அப்படியே விட்டுவிடுவேன்.

கேள்வி: அப்பாவுக்கு அறுவைக்கு நாள் குறித்திருக்கிறோம். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: நடை இப்போதிருப்பது போலவே இருந்தால் காத்திருக்கலாம். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் பலம் மளமளவென்று குறைந்தாலோ, குறித்த நாளை மறந்துவிட்டு அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.