மரம் விழுந்த வழக்கும் நகராட்சியின் மேல்முறையீடும்

கேள்வி: சாலையோரம் நின்ற நகராட்சி மரம் முறிந்து விழுந்து என் தம்பி இறந்தார். அவர் மனைவிக்கு இழப்பீடு தரச் சொல்லி சார்பு நீதிமன்றம் தீர்ப்பளித்து ஏழு மாதங்கள் கழித்து, நகராட்சி மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்துள்ளதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. தாமதத்துக்காகவே அது தள்ளுபடியாகிவிடாதா? தீர்ப்பு நிலைக்குமா?

பதில்: தாமதத்தை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யக் கெடு 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெறுவதற்கு ஆன நாட்களை அதில் சேர்ப்பதில்லை. அதற்கு மேற்பட்ட தாமதத்தை மன்னிக்கும்படி காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் நகராட்சி மனுப் போட்டிருக்கும். கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு நகர்ந்தது என்ற வழக்கமான கதைதான் அதில் இருக்கும். அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக வந்த வழக்கில், காலவரையறைச் சட்டம் அரசுக்கும் பொருந்தும் என்று கூறி உச்ச நீதிமன்றம் 2012இல் அந்தக் கதையை ஏற்க மறுத்தது. ஆயினும் பொதுப் பணம் சம்பந்தப்பட்டது என்பதற்காகத் தாமதத்தை மன்னிக்கும் நீதிபதிகளும் உண்டு. ஆகவே, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் வீணாயிற்று என்பதைத் தேதிவாரியாகக் காட்டி எதிருரை தாக்கல் செய்யுங்கள்.

உண்மையான சண்டை வேறிடத்தில் இருக்கிறது. நகராட்சியின் வழக்கறிஞர் 1997ஆம் ஆண்டு ராஜ்கோட் மாநகராட்சி வழக்கை நிச்சயம் எடுத்துவைப்பார். 1975இல் வேலைக்கு நடந்து சென்றவர் மீது சாலையோர மரம் விழுந்து அவர் இறந்த அந்த வழக்கில், கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் வழங்கிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒவ்வொரு மரத்தையும் ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்கும் கடமையை மாநகராட்சி மீது சுமத்த முடியாது என்பதே அதன் சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் உங்கள் முன் நிற்கும் சுவர் அதுதான்.

உங்கள் பக்கம் நிற்பது 1966ஆம் ஆண்டின் டெல்லி மணிக்கூண்டு வழக்கு. சாந்தினி சவுக்கில் இடிந்து விழுந்த அந்தக் கூண்டுக்கு வயது சுமார் 80. அதில் பயன்படுத்தப்பட்டிருந்த சாந்தின் தன்மைப்படி அதன் மேல்தளத்தின் ஆயுளே 40, 45 ஆண்டுகள்தான். நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடத்தின் குறை வெளியில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உரிமையாளரே பொறுப்பு என்று கூறி, மாநகராட்சியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

உங்கள் வழக்கு மணிக்கூண்டின் பக்கம் சாயுமா, ராஜ்கோட் மரத்தின் பக்கம் சாயுமா என்பதைச் சான்றாவணங்களே தீர்மானிக்கும். மரம் உளுத்திருந்ததாகத் தெருவாசிகள் முன்பே கொடுத்த மனு, நகராட்சி முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டுடன் விசாரணையில் சான்றாவணமாக எண்ணிட்டுக் குறியீடு செய்யப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், தெரியாது என்ற வாதம் எடுபடுவது கடினம். மேல்முறையீட்டில் புதிய சான்று சேர்ப்பது அரிது.

இன்னொன்று: மேல்முறையீடு தாக்கலானதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. தடையாணை இல்லையெனில், தீர்ப்புப்படி தொகையை வசூலிக்க நிறைவேற்று மனு போடலாம். தடை கேட்டு வந்தால், இழப்பீட்டுத் தொகையை நீதிமன்றத்தில் கட்டும் நிபந்தனையை வலியுறுத்துங்கள்.