பழைய டபுள் பேரல், குறைந்த எடை: வாசகர் கேள்விகள்

போன இதழில் கனடாவின் ஒன்டாரியோ காட்டில் கிரௌஸ் என்ற காட்டுப் பறவை வேட்டைக்குப் போனதைப் பற்றி எழுதியிருந்தேன். பறவையைப் பற்றிக் கேட்டவர்களைவிட என் கையில் இருந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த பழைய 12 போர் (போர் என்பது குழல் வாயின் அளவு, எண் கூடினால் வாய் சிறிது) டபுள் பேரல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எடை 2.7 கிலோதான். வாங்கலாமா? (ஸ்கார்பரோ வாசகர்)

கையில் எடுத்ததுமே மனது அதில் ஒட்டிக்கொண்டிருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும். பார்த்து முடிவு செய்கிற பொருள் இல்லை இது.

முதலில் தோட்டா அமரும் அறையின் நீளம். அந்தக் காலத்து இங்கிலாந்து 12 போர் பெரும்பாலும் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு, வழக்கில் 65 மில்லிமீட்டர் என்று சொல்வதற்குச் செய்தது. இன்று இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர். இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை, அதனால் 70 தோட்டா 65 அறைக்குள் சுகமாகப் போய் உட்காரும், துப்பாக்கியும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். சுடும்போதுதான் அந்த வாய் விரிந்து, குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். "போட்டுப் பார்த்தேன், சரியாகத்தானே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது முத்திரை. குழல்களைக் கழற்றித் திருப்பினால் அடியில் தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். இங்கிலாந்தில் அளவுக்கு மீறிய வெடிமருந்து போட்டுச் சுட்டுச் சோதித்த பிறகுதான் துப்பாக்கியை விற்க முடியும். லண்டனில் 1637-இல் அரச சாசனம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் சங்கமும், பர்மிங்காமில் 1813-இல் சட்டம் போட்டு அமைத்த சோதனைச் சாலையும் இன்றுவரை அந்த வேலையைச் செய்கின்றன. சோதித்த அன்று குழலின் உள் அளவு என்ன என்பதை முத்திரையிலிருந்து தெரிந்துகொள்ளலாம். துருவைப் போக்க யாராவது உள்ளே திரும்பத் திரும்பத் தேய்த்து, அந்த அளவு கால் மில்லிமீட்டர் பெருத்துவிட்டால், மறுசோதனை செய்யாமல் அந்த நாட்டில் விற்பது குற்றம். கனடாவில் அப்படிக் கட்டாயச் சோதனை எதுவும் கிடையாது, அதனால் பார்க்க வேண்டிய பொறுப்பு வாங்குகிற நம் தலையில்தான்.

குழலின் சுவர்க் கனத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சட்டத்தில் இதற்கு அளவு இல்லை, ஆனால் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அனுபவமுள்ள கம்மியர்கள் தயங்குவார்கள். உள் அளவு சரியாக இருந்து சுவர் மெலிந்திருக்கலாம், சுவர் நன்றாக இருந்து உள்ளே குழி விழுந்திருக்கலாம், அதனால் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

கம்மியரிடம் போவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழல்களை மட்டும் தனியாகக் கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, மடக்கிய விரலால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி இழுத்து ஒலித்தால் நல்லது. மண்பானையைத் தட்டினாற்போல் மொத்தென்று கேட்டால் இரண்டு குழலையும் சேர்க்கும் பற்றாசு எங்கோ விட்டிருக்கிறது, நடுவில் ஈரம் போய்த் துருப்பிடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் லைசன்ஸ் விஷயம். 1898-க்கு முன் செய்த துப்பாக்கி என்றால் பழம்பொருள், லைசன்ஸ் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கனடாவில் 12, 16, 20 போர் நடுவெடித் தோட்டா (அடியின் நடுவில் ஊசி குத்தி வெடிப்பது) போடும் துப்பாக்கிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்க மத்தியச் சட்டம் வேறு, அதைப் படித்துவிட்டு இங்கே குழம்ப வேண்டாம்.

கேள்வி: என் 16 போர் இரண்டரை கிலோகூட இல்லை. தூக்க இதமாக இருக்கிறது, ஆனால் பத்துத் தோட்டா சுட்டால் தோள் வீங்கிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்? (மிசிசாகா வாசகர்)

துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள், தோட்டாவைப் பாருங்கள். பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கிரீனர் காலத்திலிருந்து வருகிற ஒரு கணக்கு இருக்கிறது: துப்பாக்கியின் எடை, தோட்டாவுக்குள் இருக்கும் ரவையின் (சின்னச் சின்னக் குண்டுகளின்) எடையைப் போல் 96 மடங்கு இருக்க வேண்டும். ஒரு அவுன்ஸ் ரவைக்கு, அதாவது 28 கிராமுக்கு, 2.7 கிலோ. ரவையை முக்கால் அரைக்கால் அவுன்ஸாகக் குறைத்தால், சுமார் 25 கிராம், 2.4 கிலோ துப்பாக்கியே போதும். நீங்கள் 32 கிராம் போட்டிருந்தால் அதற்கு 3 கிலோவுக்கு மேல் வேண்டும். இல்லாத அரை கிலோவை உங்கள் தோள் வாங்கிக்கொள்கிறது.

தோளைவிட எனக்குக் கவலை துப்பாக்கியைத் தோளில் வைக்கும் மரக்கட்டையைப் பற்றித்தான். நான் 16 போர் வாங்கிய முதல் வருடம் ஒரு கடையில் கேட்டதற்கு "எல்லாம் ஒன்றுதான்" என்று கனமான தோட்டாவைக் கொடுத்தார்கள், நானும் அளக்காமல் போட்டேன். இரண்டாவது வாரம் துடைக்கும்போது பார்த்தால் இரும்பும் மரமும் சேரும் இடத்தில் தலைமுடி போல ஒரு விரிசல். எத்தனையோ வருடம் ஒன்றும் ஆகாமல் வந்த வால்நட் மரம் என் கையில் வந்து இரண்டு வாரத்தில் விட்டுவிட்டது. ஒட்டிச் சரிசெய்துவிட்டார்கள், ஆனாலும் எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் விரல் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

இன்னொன்று, உங்களுடையது பழைய அமெரிக்கத் துப்பாக்கி என்றால் அறை 2 9/16 அங்குலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் 65 மில்லிமீட்டர்தான், முதல் பதிலில் சொன்னது அப்படியே பொருந்தும். அந்தக் காலத்து அமெரிக்கக் கட்டைகள் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்து இருக்கும், உதை நேராகத் தோளுக்கு வராமல் மேலே எகிறிக் கன்னத்தில் அறையும். எடை குறைந்த ரவை, அழுத்தம் குறைந்த மருந்து என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கிரௌஸுக்கு 25 கிராம் தாராளமாகப் போதும்.

கேள்வி: டமாஸ்கஸ் குழலில் சுடலாமா? (லண்டன் வாசகர்)

இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த குழல், பாம்புத் தோல் மாதிரிக் கோலம் தெரியும். எல்லாமே வெடித்துவிடும் என்பதும் தவறு, எல்லாமே சரி என்பதும் தவறு. பல துப்பாக்கிகள் பழைய காலத்துக் கரிமருந்துக்கு மட்டும் சோதித்தவை, சில பிறகு இன்றைய புகையில்லா மருந்துக்கும் சோதனையில் தேறியவை. முத்திரை எதுவோ அதுதான் பதில். நீங்கள் இருக்கும் ஊரிலேயே சோதனைச் சாலை இருக்கிறதே, எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: இதே துப்பாக்கியால் வாத்து சுடலாமா? (அஜாக்ஸ் வாசகர்)

ஈய ரவையால் கூடாது, சட்டமே இடம் தராது. அமெரிக்காவில் நீர்ப்பறவைகளுக்கு 1991-லிருந்து தடை, கனடாவிலும் வாத்துக்கு நச்சில்லாத ரவைதான். அதற்காக எஃகு ரவையைப் பழைய குழலில் போட்டுவிடாதீர்கள், அது ஈயம்போல் நசுங்கிக்கொடுக்காது, வாய் குறுகலான மெல்லிய குழலைப் புடைக்க வைத்துவிடும். பிஸ்மத் ரவை இருக்கிறது, மென்மையானது, எஃகைவிடக் கனம், விலைதான் அதிகம்.

கேள்வி: தாத்தாவின் இங்கிலாந்து டபுள் பேரல் வீட்டில் இருக்கிறது. கவுதாரி, முயல் வேட்டைக்குப் பயன்படுமா? (புதுக்கோட்டை வாசகர்)

வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம். அதைவிட அவசரமான விஷயம், தாத்தாவின் லைசன்ஸ் உங்களுக்குத் தானாக வராது. உங்கள் பெயரில் விண்ணப்பித்துக் கிடைக்கும்வரை காவல் நிலையத்திலோ லைசன்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் முன் நன்றாக எண்ணெய் பூசிவிடுங்கள்.

கேள்வி: எடை குறைவு என்பதைத் தவிர என்ன லாபம்? ஏன் இரண்டு விசை? (ஒட்டாவா வாசகர்)

கிரௌஸ் வேட்டை என்பது நடைதான். ஆஸ்பென் மர இளங்காட்டுக்குள் நாள் முழுக்கக் குனிந்து நுழைந்து நடந்து, காலடியிலிருந்து பறவை இடி மாதிரி இறக்கையடித்துக் கிளம்பும்போது ஒரு நொடிதான் கிடைக்கும். மதியத்துக்குப் பிறகும் கை களைக்காமல் துப்பாக்கி தோளுக்கு வந்து சேர வேண்டும், அதற்குத்தான் இந்த எடை. முன் விசை பொதுவாக வலது குழலுக்கு, ரவை சீக்கிரம் விரியும், பக்கத்தில் இருக்கும் பறவைக்கு. பின் விசை இடது குழலுக்கு, அந்தக் குழலின் வாய் குறுகலானது, ரவை மெதுவாக விரியும், தூரம் போய்விட்ட பறவைக்கு. எந்தக் குழல் என்று அந்த நொடியிலேயே விரல் முடிவு செய்யலாம், குழலை மாற்றும் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. குறை என்றால், லேசான துப்பாக்கி சீக்கிரம் நகரும், அதே மாதிரி சீக்கிரம் நின்றும் விடும். குறுக்கே பறக்கும் பறவைக்குப் பின்னால் சுட்டுவிடுவோம். விசையை இழுத்த பிறகும் கையை நிறுத்தாமல் ஓட்டிப் பழகுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழைய துப்பாக்கிகள் பலவற்றில் பாதுகாப்புப் பொத்தான் விசையை மட்டும்தான் பூட்டும், உள்ளே இருக்கும் சுத்தியலைப் பூட்டாது. கீழே விழுந்தால் வெடிக்கலாம். வேலியோ விழுந்த மரமோ வந்தால் துப்பாக்கியைத் திறந்து, இரண்டு தோட்டாவையும் எடுத்துப் பையில் போட்டுவிட்டு அப்புறம் தாண்டுங்கள்.