முதல் எம்எம்ஏ சண்டைக்கு ஆறு கிலோ குறைக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 23, எடை 76 கிலோ. ஐந்து வாரத்தில் முதல் அமெச்சூர் எம்எம்ஏ சண்டை (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை). 70.3 கிலோ லைட்வெயிட் பிரிவில் இறங்கினால் ஜெயிப்பது சுலபம் என்கிறார் கோச். கடைசி நாலு நாள் தண்ணீரைக் குறைத்து, சோனாவில் (வியர்க்கவைக்கும் சூடான அறை) உட்கார்ந்து, ஒரு மாத்திரையும் போட்டால் இறங்கிவிடும் என்கிறார் போட்டியில் சேர்த்துவிடும் அண்ணன். பயமாக இருக்கிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: செய்யாதீர்கள். 77.1 கிலோ வெல்டர்வெயிட் பிரிவு இருக்கிறது, இன்றைய எடையோடு அப்படியே இறங்கலாம்.

நாலு நாளில் போகும் ஐந்தாறு கிலோவில் கொழுப்பு சொற்பம், பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகும், சிறுநீரகம் திணறும், பொட்டாசியம் தாறுமாறானால் இதயத் துடிப்பே தடுமாறும். டிவியில் பார்க்கும் தொழில்முறை வீரர்கள் முந்தைய நாளே எடை கொடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் சாப்பாடுமாக மீள்கிறார்கள். அமெச்சூரில் பெரும்பாலும் சண்டை நாள் காலையில்தான் எடை பார்ப்பார்கள், மாலையில் அதே வறண்ட உடம்போடு தலையில் குத்து வாங்குவீர்கள்.

2015 டிசம்பரில் மணிலாவில், 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற எம்எம்ஏ அமைப்பின் போட்டிக்காக எடை குறைத்த 21 வயது சீன வீரர் யாங் ஜியான் பிங் கூண்டுக்குள் கால் வைக்காமலேயே இறந்துபோனார். அதன் பிறகுதான் நீர் வற்றவைத்து எடை குறைப்பதை அந்த அமைப்பு தடை செய்தது, உடம்பில் போதிய தண்ணீர் இருக்கிறதா என்று இப்போது சிறுநீரின் அடர்த்தியையும் சோதிக்கிறார்கள்.

அந்த மாத்திரைக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் கோபம். அநேகமாக அது ஃபுரோசமைடு, சிறுநீரை அதிகமாகப் போகவைத்து உடம்பின் தண்ணீரை இறக்கும் மாத்திரை. இதய நோயாளிக்கு டாக்டர்களான நாங்களே யோசித்து எழுதும் மருந்து, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஊக்கமருந்து விதிப்படி தடை செய்யப்பட்டதும்கூட. "வெயிட் கொடுத்ததும் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்திக்கலாம் தம்பி" என்று அந்த அண்ணன் அடுத்து சொல்வார். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவதும் அதே விதிப்படி தடைதான். இந்த அண்ணன்களுக்கு வேண்டியது உங்கள் நுழைவுக் கட்டணமும், அந்த எடையில் ஆள் கிடைக்காமல் நிற்கும் எதிராளிக்கு ஒரு ஜோடியும்தான்.

ஒரே ஒரு விலக்கு. உங்களுக்குத் தொப்பை இருந்தால், நிஜமாகவே இடுப்பில் கையால் பிடிக்கும் அளவு கொழுப்பு இருந்தால், எடை குறைப்பதில் தப்பில்லை, ஆனால் சாப்பாட்டால், வாரம் அரை கிலோ வீதம். ராத்திரி சோறு பாதி, முட்டையோ மீனோ சுண்டலோ கூடுதல், தண்ணீரில் கை வைக்கவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து வாரத்தில் இரண்டரை கிலோ, 73.5-இல் நிற்பீர்கள், லைட்வெயிட் எட்டாது. ஆக தொப்பை இருந்தாலும் இந்தச் சண்டைக்கு அந்த விலக்கு உதவாது, மூன்று மாதம் தள்ளி வரும் சண்டைக்கு வேண்டுமானால் பார்க்கலாம். தொப்பையே இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பயிற்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். முழு வேக ஸ்பாரிங் (ஜோடியோடு போடும் பயிற்சிச் சண்டை) வாரம் ஒரு முறை போதும், சண்டைக்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். கீழே விழுந்தால் கூண்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து எழுந்திருப்பதைத் தினமும் செய்யுங்கள், புதியவர்கள் அங்கேதான் மூச்சு வாங்கித் தோற்கிறார்கள். ஸ்பாரிங்கில் தலையில் அடிபட்டு ஒரு நிமிடம் கிறுகிறுத்தாலும் சண்டை ரத்து, பேச்சே இல்லை.

அப்புறம் ஃபிட்னஸ் சான்றிதழ். "எல்லாம் எழுதிட்டோம் டாக்டர், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று என்னிடமே கட்டாகக் கொண்டுவருகிறார்கள். ரத்த அழுத்தம் 120/80 என்று எல்லாப் படிவத்திலும் ஒரே பேனாவில் நிரப்பியிருக்கும், பையன்கள் யாரும் கூட வந்திருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு சீல், ஆனால் கூண்டோரம் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்க நாதியில்லை. நீங்களே கேளுங்கள்: டாக்டர் யார், ஆம்புலன்ஸ் நிற்குமா, எதிராளிக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை எடுத்தார்களா? மழுப்பினால் போகாதீர்கள்.

77.1-இல் ஜோடி கிடைக்கவில்லையென்றால் அடுத்த போட்டிக்குக் காத்திருங்கள், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ரசீது வாங்காமல் கொடுத்திருந்தால் அது போனதுதான்.