ஜப்பான் கிராமத்தில் சனி, ஞாயிறு எப்படிப் போகும்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு ஜப்பானில் நாகனோ மாநிலத்து ஈயாமா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அடுத்த மாதம் நானும் போகிறேன். சுற்றிலும் வயலும் மலையும்தானாம், கடைக்கே காரில்தான் போக வேண்டுமாம். தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் சனி ஞாயிறு இரண்டு நாளையும் எப்படி ஓட்டுவது என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பொழுது போகாதோ என்ற கவலையை விடுங்கள். அதே பகுதியில் மூன்று வருஷம் பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியையாக இருந்தேன். வீட்டில் சும்மா கிடந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சொற்பம்தான்.

போனதும் முதலில் உங்கள் வீட்டு வாசலுக்கு ஓர் அட்டை வரும். நம் பரீட்சை அட்டை மாதிரி கிளிப் போட்டு, அதில் ஊர் அறிவிப்புத் தாள்கள் இருக்கும். பெயர் கைரன்பான். படித்துவிட்டு, உங்கள் வீட்டுக்கான கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்தாவது படியுங்கள், ஏனென்றால் உங்கள் வார இறுதி முழுக்க அந்தத் தாளில்தான் இருக்கிறது. நான் முதல் மாதம் அதைப் பார்க்காமலே கைமாற்றினேன், ஊரே வாய்க்கால் தூர்வாரிய காலையில் தூங்கிக்கொண்டிருந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஜன்னல் வழியே எழுபது வயதுக்காரர்கள் மண்வெட்டியோடு திரும்பி வருவதைப் பார்த்தபோது பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

ஓர் அக்டோபர் வார இறுதியைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கோயில் பாதையில் புல் வெட்டு. 6 மணி என்றால் பத்து நிமிஷம் முன்பே எல்லாரும் வந்து நிற்பார்கள். ஆண்கள் தோளில் புல் வெட்டும் மெஷினை மாட்டிக்கொண்டு போக, நாங்கள் பின்னால் வாரிக் குவித்தோம். நம் ஊர்க் குடிமராமத்து போல வீட்டுக்கு ஓர் ஆள் கணக்கு. சில ஊர்களில் வராத வீடு அதற்கென்று ஒரு தொகை கட்ட வேண்டும், அதற்குப் பெயரே இருக்கிறது, தெபுசொக்குகின்.

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வயலில் அறுப்பு. அங்கே அறுவடையெல்லாம் மெஷின்தான், ஆனால் மெஷின் திரும்ப இடம் வேண்டுமென்று நாலு மூலையையும் முதலில் அரிவாளால் கையால் அறுத்துவிடுவார்கள். அப்புறம் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய ஒரு சின்ன வயலின் நெல்லை மட்டும் பாட்டி வெயிலில்தான் காயவைப்பார், அதுதான் ருசி என்பார். வயலிலேயே கால்கள் நட்டு, மேலே நீளக் கழி கட்டி, அதில் நெற்கட்டுகளைக் கதிர் கீழே தொங்கக் கவிழ்த்து மாட்டுவது. நான் ஒவ்வொரு கட்டையும் சரிபாதியாகப் பிரித்து மாட்டிக்கொண்டே போனேன். பாட்டி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை, என் வரிசையைக் கழற்றினார். ஒரு கட்டை எடுத்து ஏழு பங்கு முன்னால், மூன்று பங்கு பின்னால் வரும்படி பிரித்து மாட்டினார். அடுத்ததை அப்படியே மாற்றி, மூன்று முன்னால், ஏழு பின்னால். கையால் தட்டி நெருக்கியதும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துவிட்டன, நான் மாட்டியவை போலத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. நெல் விளையும் நாட்டிலிருந்து வந்தவள் நான், அன்றைக்குத்தான் முதன்முதலாக நெற்கட்டைக் கையில் பிடித்தேன்.

பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து இப்புக்கு, அதாவது இளைப்பாறல். தேநீரோடு பிஸ்கட் வராது, கத்தரிக்காய், வெள்ளரிக்காய் ஊறுகாய்தான் வரும். நாகனோக்காரர்களுக்கு ஊறுகாய் இல்லாமல் தேநீர் இறங்காது. பேச்சு வரவில்லையே என்று இங்கே தயங்காதீர்கள், தட்டை அடுத்தவருக்கு நகர்த்தத் தெரிந்தால் போதும்.

அன்று இரவே திருவிழா. சாமி பல்லக்கை, மிகோஷி என்பார்கள், முன்பு எங்கள் ஊரில் ஆண்கள் மட்டும் தூக்குவார்களாம். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டதால் தோள் கொடுக்க ஆள் குறைந்து, பெண்களையும் என்னையும் சேர்த்தார்கள். 2023 கணக்கெடுப்புப்படி அந்த நாட்டில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக இருக்கின்றன, எங்கள் தெருவிலேயே நான்கு. இதை நீங்கள் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். உங்களைக் கூப்பிடுவது விருந்தாளியை மகிழ்விக்க மட்டும் இல்லை. அவர்களுக்கு உண்மையிலேயே ஆள் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், முதல் அழைப்புக்குத் தட்டாமல் போங்கள்.

ஞாயிறு ஊர் விளையாட்டு விழா. தெருவுக்கு ஓர் அணி, கயிறு இழுத்தல், கூடையில் பந்து எறிதல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நூலில் தொங்கும் பன்னைக் கவ்வி ஓடுதல். பரிசு டிஷ்யூ பெட்டியும் சோப்புத் தூளும். சாயங்காலம் எல்லாரும் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போய், பிறகு விருந்து. உங்கள் கணவருக்கு ஒன்று சொல்லிவையுங்கள், ஒரு மிடறு குடித்தாலும் காரைத் தொடக் கூடாது. 2007இலிருந்து குடித்தவர் ஓட்டுகிறார் என்று தெரிந்தே கூட ஏறியவருக்கும், அவருக்கு ஊற்றிக் கொடுத்தவருக்கும்கூடத் தண்டனை உண்டு. தைகோ என்ற சேவையைக் கூப்பிட்டால் இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் உங்கள் காரை ஓட்டுவார், மற்றவர் அவர்கள் காரில் பின்னால் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவார்.

கேள்வி: நான் சைவம். இப்படி எல்லா இடத்துக்கும் போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: இதுதான் கொஞ்சம் கஷ்டம். காய்கறிக் குழம்பாகத் தெரிவதிலும் மீன் சாறு இருக்கும். காய்ந்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்த அந்தச் சாறுக்கு தாஷி என்று பெயர், "மீன் சாப்பிடமாட்டேன்" என்று மட்டும் சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள், தாஷியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். வெறும் உப்பு போட்ட சோற்று உருண்டை நம்பிக்கையானது. பூசணி, கீரை வைத்த ஓயாக்கி என்ற கொழுக்கட்டை அந்த ஊர்ப் பலகாரம், அதிலும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள். வாசலில் யாரோ வெள்ளரிக்காயும் முள்ளங்கியும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், பெயர்கூட எழுதியிருக்காது. யாரென்று விசாரித்து நன்றி சொல்லுங்கள், பாத்திரத்தில் வந்திருந்தால் நம் வீடுகளைப் போலவே வெறுமையாகத் திருப்பாதீர்கள். நான் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தேன், செய்முறை கேட்டு மூன்று பேர் வந்தார்கள்.

கேள்வி: நான் போவது குளிர்காலம். பனியில் எல்லாம் நின்றுவிடாதா?

பதில்: ஈயாமா பெயர்போன பனிப் பிரதேசம், ஆளுயரத்துக்குக் குவியும். வயல் வேலை நிற்கும், பனி அள்ளுவது தொடங்கும். வாசலை அள்ளும்போது தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு வயசானவர் வாசலையும் சேர்த்து அள்ளிவிடுங்கள், அறிமுகத்துக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கூரைப் பனியைத் தள்ள மட்டும் தனியாக ஏறவே ஏறாதீர்கள், வருஷா வருஷம் விழுந்து சாகிறார்கள்.

பக்கத்தில்தான் நொசாவா ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் கிராமம். 13 பொதுக் குளியல் வீடுகள், ஊர்க்காரர்களே முறைவைத்துக் கழுவிப் பராமரிக்கிறார்கள், கட்டணம் இல்லை, உண்டியலில் போடலாம். முதலில் வெளியே உடம்பைக் கழுவிவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கிறது என்று நீங்களாகப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பாட்டிகளிடம் கேட்டுவிட்டுத் திறங்கள். ஜனவரி 15 இரவு அங்கே தீத் திருவிழா. ஊர் 42 வயது ஆண்களும் 25 வயது ஆண்களும் மரத்தில் கட்டிய கோபுரத்தைக் காப்பார்கள், மற்றவர்கள் தீப்பந்தத்தோடு பாய்வார்கள். பழைய கோட்டாகப் போட்டுக்கொண்டு போங்கள், பொறி பறக்கும்.